நாக்கின் இடது பாதி

சாம்பார் உப்புக் கரித்தது. தியாகதுருகத்துக் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒரு வாய் வைத்தார், பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார், தண்ணீரைக் குடித்துவிட்டு இலையை மடித்து எழுந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். பெண்ணின் தகப்பனார் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சமையல்கட்டுக்கு ஓடிவந்தபோது வீரமுத்து வாசலில் ஒதுங்கி வழிவிட்டான். சமையல்காரி ஆண்டாள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா. அவளிடம் ஒரு பொய் சொல்லத்தான் அவன் அன்றைக்கு வந்திருந்தான்.

ஆண்டாள் கரண்டியில் சாம்பாரை மொண்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். "சரியாத்தான கீது," என்றாள். பிறகு சந்தேகம் வந்தவளைப் போல, கூடமாட வேலை செய்யும் பச்சையம்மாளிடம் கரண்டியை நீட்டினாள். ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் பச்சையம்மாளுக்கு முகம் கோணியது. "ரெண்டு வாட்டி போட்டுட்ட போலக்கீதுக்கா," என்றாள், மெதுவாகத்தான். ஆனாலும் பெண்ணின் தகப்பனாருக்கு அது கேட்டுவிட்டது. எலவனாசூர்கோட்டையிலிருந்து வடக்கனந்தல் வரைக்கும் காடு கழனி உள்ளவர்கள் வீட்டு விசேஷம் என்றால், ஆண்டாளுக்கு நாள் தோதுப்படுமா என்று கேட்டுவிட்டுத்தான் மண்டபமே பிடிப்பார்கள். புருஷன் போன பிறகு ரெண்டு பெண்களை அந்தக் கரண்டியை வைத்துத்தான் அவள் கட்டிக்கொடுத்தாள். பெண்ணின் தகப்பனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சாயந்தர டிபனுக்கு வேற ஆள வரச் சொல்லிட்டேம்மா, நீ இத மட்டும் முடிச்சிக் குடுத்துட்டு கெளம்பு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆண்டாள் பாதிச் சாம்பாரைக் கீழே ஊற்றச் சொல்லிவிட்டு, வெந்த பருப்பைக் கடைந்து கொட்டினாள். கொதி வந்ததும் அவள் ருசி பார்க்கவில்லை. கரண்டியைப் பச்சையம்மாளிடமே கொடுத்தாள். அதற்கப்புறந்தான் தம்பியிடம் வந்தாள்.

"இன்னாடா, டாக்டரம்மா வந்துட்டாங்களா?"

"இன்னும் லீவுதான்க்கா. வந்ததும் நானே வேன்ல இட்டுக்கினு போறேன்."

"மூணு மாசத்துல சரியாயிடும்னாங்க. நாலாச்சு." அவள் நாக்கை வாய்க்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். இடது ஓரத்தில் பல் பதிந்த காயம் புண்ணாகியிருப்பது அவனுக்குத் தெரிந்தது. "கடிச்சா தெரியல. சுட்டா தெரியல. அந்தப் பக்கம் யாரோட நாக்கோ கெடக்கற மாதிரி கீதுடா."

வீரமுத்துவுக்குச் சாப்பிடாமல் போகவும் மனமில்லை, உட்கார்ந்து சாப்பிடவும் தைரியமில்லை. வேன் வெயிலில் நிற்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அந்த வேன், கள்ளக்குறிச்சிக்கு வெளியே பைபாஸ் ஓரம் இருக்கும் தனியார் பல் மருத்துவக் கல்லூரியுடையது. ஒன்பது வருஷமாக அதை அவன்தான் ஓட்டுகிறான். ஓட்டுவதைவிட ஆள் பிடிப்பதுதான் பெரிய வேலை. வாய் திறக்க ஆளில்லாவிட்டால் பிள்ளைகள் எதில் படிப்பார்கள்? மலையடிவாரத்து ஊர்களிலும், கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரைக்கும் ஏறியும், பள்ளிக்கூடத்திலோ கோயில் மர நிழலிலோ முகாம் போட்டு, பல் கெட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, மாலையில் வாயில் பஞ்சோடு கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். போன வருஷம் கடைசி வருஷத்து டாக்டரம்மா ஒருத்தி அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். மரியாதையாகப் பேசுவாள், அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய ஆய்வுக்கு நாற்பது பேர் வேண்டும். கடைவாயில் கடைசிப் பல் இரண்டு பக்கமும் முளைக்க இடமில்லாமல் எலும்புக்குள் படுத்துக்கிடக்க வேண்டும். வலது பக்கத்தை வழக்கமான டிரில்லில் குடைந்து எடுப்பார்கள். மூன்று வாரம் கழித்து இடது பக்கத்தைப் புதிதாக வந்திருக்கும், அதிர்ந்து அதிர்ந்து எலும்பை அறுக்கும் மெஷினில் எடுப்பார்கள். எந்தப் பக்கம் வலி, வீக்கம் குறைவு என்று எழுத வேண்டும். அதுதான் படிப்பு.

முப்பத்தொன்பது பேரைக் கொண்டுவந்து விட்டான். நாற்பதாவது ஆள் ரெண்டு மாசமாகக் கிடைக்கவில்லை. டாக்டரம்மா முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அப்போதுதான் அக்காவின் நினைப்பு வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்டாளுக்குக் கடைவாய் ஈறு வீங்கும். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் ரெண்டு நாளில் வடிந்துவிடும். அவ்வளவுதான் அவளுடைய நோய். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, "ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி படுத்திருக்கு அண்ணா, இதைத்தான் தேடிட்டிருந்தேன்," என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். தன் வீட்டிலிருந்து ஏதோ பெரிய பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டதைப் போல வீரமுத்துவுக்கும் பெருமையாக இருந்தது.

சம்மதப் படிவம் நாலு பக்கம். ஆண்டாள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "நீயே பாத்து சொல்லுடா," என்று அவனிடம் தந்தாள். மூன்றாம் பக்கத்தில், நாக்கிலோ உதட்டிலோ உணர்ச்சி மரத்துப்போகலாம், அபூர்வமாக அது திரும்ப வராமலும் போகலாம் என்று தெளிவான தமிழில் இருந்தது. அவன் அதைப் படித்தான். இன்னொரு தடவையும் படித்தான். பக்கத்தைத் திருப்பிவிட்டு, "நோவு எதுல கம்மி, எதுல ஜாஸ்தின்னு பாக்கறாங்கக்கா, வேற ஒண்ணுமில்ல," என்றான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

வலது பக்கம் ஆறிவிட்டது. இடது பக்கம் ஊசி போட்டு மரத்தது மரத்தபடியே நின்றுவிட்டது. முதல் மாசம் பார்த்தபோது டாக்டரம்மா, "நரம்பு லேசா நசுங்கியிருக்கும்மா, மூணு மாசத்துல சரியாயிடும்," என்று சத்து மாத்திரை எழுதித் தந்தாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். மூன்றாவது மாசப் பரிசோதனைக்கு நாலு நாள் இருக்கும்போது வேன் பக்கம் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஒரு மாசம் மரத்துப்போறது பெரிய விஷயமில்லண்ணா. மூணு மாசம் கழிச்சும் இருந்தாத்தான் எழுதணும். புது மெஷின்ல நரம்பு சேதம்னு ஆயிடும்." தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வராத பேஷன்ட்ட, வரலைன்னுதான் எழுத முடியும். சார் அப்படித்தான் சொல்றார். உங்க அக்காதானே, நீங்க சொன்னா கேப்பாங்க."

சார் என்பது துறைத்தலைவர். அந்த மாசந்தான் ஒப்பந்த ஆட்களில் யாரை நிரந்தரமாக்கலாம் என்று பட்டியல் போய்க்கொண்டிருந்தது. வீரமுத்துவின் பேருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். இதை டாக்டரம்மா சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மண்டபத்து விவகாரத்துக்குப் பத்து நாள் கழித்து, சார் ஏதோ மாநாட்டுக்குக் கிளம்பினார். அங்கே மாட்டுவதற்காக டாக்டரம்மாவின் ஆய்வைப் போட்ட ஒரு பெரிய படத்தை, காரில் வைக்கச் சொல்லிச் சுருட்டிக் கொடுத்தார்கள். சுருட்டுவதற்கு முன்னால் வீரமுத்து அதைப் பார்த்தான். எல்லாம் இங்கிலீஷ். நடுவில், கண்ணைப் பட்டை போட்டு மறைத்து, கன்னம் வீங்கிய முகம் ஒன்று தெரிந்தது. எண்கள் மட்டும் அவனுக்குப் புரிந்தன. நாற்பது பேருக்கு அலைந்தவன் அவன். படத்தில் முப்பத்தொன்பது என்று போட்டிருந்தது.

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி வராந்தாவில் திரும்பினால், ஆண்டாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் சீட்டு. பெருக்குகிற கொளஞ்சியம்மாள் அவளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தாள்.

"லீவா? யாரு சொன்னது? அந்தம்மா ஒரு நாளு கூட லீவு போடலியே. தோ, உள்ளதான் கீறாங்க."

ஆண்டாள் தம்பியைப் பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் அவன் முகத்தை, ஆறிப்போன குழம்பைப் பார்ப்பது மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அதற்குள் சார் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். பின்னால் டாக்டரம்மா. ஆண்டாளைக் கண்டதும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சார் சீட்டை வாங்கிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "இவங்களை யார் கூட்டிட்டு வந்தது? வேன் டிரைவரா?"

"நானா பஸ்ஸுல வந்தேங்க," என்றாள் ஆண்டாள். "தம்பிக்குத் தெரியாது."

சார் வீரமுத்துவை ஒரு தடவை பார்த்தார். "வந்துட்டாங்க இல்ல? டெஸ்ட் பண்ணி எழுதிடுங்க. என்ன இருக்கோ அதை எழுதுங்க," என்றார் டாக்டரம்மாவிடம். நியாயமான பேச்சுதான். ஆனால் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

டாக்டரம்மா ஊசியும் குறிப்பேடும் எடுக்க உள்ளே போனாள். அந்த இடைவெளியில் ஆண்டாள் தம்பியின் பக்கத்தில் வந்தாள்.

"எனக்குத் திரும்ப வராது, இல்ல?"

அவன் சார் நின்ற பக்கம் பார்த்தான்.

"எழுதுனா ஒன் வேலைக்கு எதுனா ஆவுமா?"

ஆகாதுக்கா, நீ உள்ளதைச் சொல்லு என்று அவன் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். வாய் நன்றாகத்தான் இருந்தது அவனுக்கு, நாக்கும் நன்றாகத்தான் இருந்தது. அவன் கக்கத்திலிருந்த படத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். ஆண்டாள் தலையை ஆட்டிக்கொண்டாள், ஏதோ கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதைப் போல. புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு திறந்தே இருந்தது. நாற்காலியில் அவளைச் சாய்த்து உட்காரவைத்து டாக்டரம்மா விளக்கைத் திருப்பினாள். "கண்ணை மூடிக்கங்கம்மா. நாக்கை நல்லா நீட்டுங்க. பேச முடியாது, அதனால ஊசி படறது தெரிஞ்சா வலது கை விரலைத் தூக்குங்க. தெரியலைன்னா தூக்க வேண்டாம். பத்து தடவை பார்ப்பேன்."

ஆண்டாள் கண்ணை மூடினாள். வெளிச்சத்தில் அவளுடைய நாக்கு நீண்டு கிடந்தது, வலது பாதி சிவப்பாக, இடது ஓரம் பல் பட்டுப் பட்டு வெளுத்து. டாக்டரம்மா வலது பக்கம் மெல்லத் தொட்டாள். விரல் எழுந்தது. இடது பக்கம் தொட்டாள். கொஞ்சம் தாமதித்து விரல் எழுந்தது. டாக்டரம்மா குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டாள். மறுபடி இடது பக்கம், அழுத்தி. விரல் எழுந்தது. அவள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். சாருடைய முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் மறுபடி குனிந்து, இடது பக்கத்துக்கு நேராக ஊசியைக் கொண்டுபோனாள். கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

நாக்குக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. ஊசி படாமலேயே ஆண்டாளின் விரல் இந்தத் தடவையும் எழுந்தது. கண் மூடியிருக்க, நாக்கு நீட்டியிருக்க, கரண்டிக் காம்பில் காய்த்துப்போன அந்த ஒற்றை விரல், எப்போது இறக்குவது என்று தெரியாமல், எல்லாரும் பார்க்க நின்றுகொண்டே இருந்தது.