பச்சைப் பொத்தான்

மின் கட்டணத்தை ஏற்றலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டிருந்தார்கள். சலவைக்கடைக்காரர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இன்னொரு தடவை ஏற்றினால் கடையை மூடிவிட்டு மருமகன் வீட்டில் போய் விழவேண்டியதுதான்.

மின்சாரக் கம்பெனி மேனேஜர் நஷ்டக் கதையை வாசித்தார். அழாத குறை. அந்தக் கம்பெனியைத் தட்டிக்கேட்க வேண்டிய ஆணையத் தலைவர், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சலவைக்காரரின் முறை வந்தது. மைக்கைப் பிடித்தவர் தலைவரின் சட்டைக்கையைப் பார்த்து அப்படியே நின்றார். வெள்ளைச் சட்டையில் ஒரு பச்சைப் பொத்தான். நேற்றுத் தேய்க்கும்போது பொத்தானை உடைத்துவிட்டு, கைக்குக் கிடைத்ததைச் சலவைக்காரரே வைத்துத் தைத்தது. சட்டை வந்ததோ கம்பெனி விருந்தினர் மாளிகை மூட்டையில்.

"ஐயா, கம்பெனி வீட்லதான் தங்கியிருக்கீங்களா?"

"கட்டணத்தைப் பத்தி மட்டும் பேசுங்க, பெரியவரே."

"அதைத்தாங்க பேசுறேன். உங்க சட்டைய தேச்ச கூலியும் கம்பெனிதான் குடுக்குது. அதையும் எங்க பில்லுலதானே ஏத்துவாங்க?"

பின்வரிசை சிரித்தது. யாரோ மைக்கைப் பிடுங்கினார்கள். தலைவர் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு, "அடுத்தவர்" என்றார்.

சலவைக்காரர் கூட்ட வாசலில் காறித் துப்பிவிட்டுக் கடைக்கு வந்தால், விருந்தினர் மாளிகையின் புது மூட்டை காத்திருந்தது. மனைவி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்திருந்தாள்.

"அழுக்காவே திருப்பி அனுப்பு. தொடவே குமட்டுது."

"அப்புறம் கடை எப்படிங்க ஓடும்?"

"அவனுங்க அழுக்கத் துவைச்சா ஓடணும்?" என்று பிளக்கைப் பிடுங்கினார்.