நாற்பது குளியலறைக்கு ஓர் அத்தாட்சி

வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் எந்த வீட்டுச் சுவருக்குள் எந்தப் பைப் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டால், பைப் பூட்டும் அழகரத்தினம் பாஸ் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடத் தொழில். ஆனால் அந்தத் தொழிலைச் செய்தவர் இவர்தான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கேட்டுப் பாருங்கள், மனுசன் முழிப்பார். அந்தக் காகிதத்தைத்தான் இப்போது கேட்டுவிட்டார்கள்.

கேட்டவர்கள் கல்குடாப் பக்கம் ஹோட்டல் கட்டுகிறவர்கள். நாற்பது குளியலறை! அழகரத்தினம் தன் சீவியத்தில் ஒரே கூரைக்குக் கீழே ஒன்பதுக்கு மேல் கண்டதில்லை. எல்லாம் பேசி முடித்து, கை கொடுத்து, தேத்தண்ணியும் குடித்த பிறகு, "அப்ப உங்கட தொழில் சான்றிதழ வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க பாஸ்" என்றார்கள். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

மட்டக்களப்பில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. பழைய வேலைகளுக்கு அத்தாட்சி காட்டி, ஒருநாள் செய்முறைச் சோதனையும் செய்துவிட்டால் சான்றிதழ் தருவார்கள். சோதனை புதன்கிழமை. அத்தாட்சிக்கு எங்கே போவது? புது வீடு கட்டியவர்கள் டைல்ஸைப் படம் எடுப்பார்கள், கொமட்டைக்கூடப் படம் எடுப்பார்கள். பைப்பை எவன் எடுப்பான்? அது வெளியே தெரிந்தால் சண்டைக்கல்லவா வருவார்கள்! பெரிய கட்டடங்களிலோ பலகையில் பெரிய கொந்தராத்துக்காரரின் பெயர் இருக்கும். அழகரத்தினம் மண்ணுக்குள் இருப்பார்.

கடைசியில் மனைவி வசந்தாதேவிதான் அலுமாரியைக் கிளறி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு கட்டுக் காகிதத்தை அழகாக ஃபைலில் அடுக்கி, மூலையில் மஞ்சளும் தடவி அனுப்பிவைத்தாள்.

சோதனை எடுக்க வந்தவர் ஸியாம் சேர். ஓட்டமாவடிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான ஆள். ஃபைலைத் திறந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அழகரத்தினண்ணன், என்ன இது?"

"வீடு குடிபூரலுக்கு அழைச்ச காட் சேர். அறுபத்திமூண்டு கிடக்கு. எல்லாம் நான் பைப் போட்ட வீடு."

"இதில நீங்க போய்ச் சாப்பிட்டதுக்குத்தானே அத்தாட்சி இருக்கு. வேல செஞ்சதுக்கு எங்க?"

சோதனைக்கு வந்திருந்த இருபது பேரும் சிரித்தார்கள். அழகரத்தினத்துக்கு மானம் போய்விட்டது. "தண்ணி வராத வீட்டுல ஆர் சேர் குடிபூருவான்?" என்றார்.

ஸியாம் சேரும் சிரித்தார். ஆனால் பேனா அசையவில்லை. "செய்முறையில நீங்க பாஸாகிருவீங்க அண்ணன், அது எனக்குத் தெரியும். ஆனா பழைய வேல ஒண்டையாவது கண்ணால காட்டாம நான் கையெழுத்து வெக்க ஏலாது."

அதற்கு மேல் பாதுகாப்புச் சப்பாத்து வேறு. போடாவிட்டால் புள்ளி குறையுமாம். அழகரத்தினம் வேலைக்குச் செருப்பே போடாத ஆள். நிலத்துக்குள் பைப் ஒழுகினால் மற்றவர்கள் மெசின் வைத்துத் தேடுவார்கள். அவர் வெறுங்காலோடு நடப்பார். குளிர்ச்சி தட்டும் இடத்தில் நிற்பார். உடைத்தால் தண்ணீர் இருக்கும். அப்பேர்ப்பட்ட காலை ஓர் அளவு சிறிய சப்பாத்துக்குள் திணித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கொடுத்த கைகழுவும் பேசினை எல்லாருக்கும் முதல் பூட்டி முடித்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு விட்டார்கள். அவர் செய்த முதல் வேலை சப்பாத்தைக் கழற்றி எறிந்ததுதான். சோற்றுப் பார்சலோடு விறாந்தையால் நடந்தவர் சட்டென்று நின்றார். ஓரடி பின்னுக்கு வைத்தார். மறுபடி முன்னுக்கு வைத்தார்.

"சேர்! உங்கட நிலத்துக்குள்ள தண்ணி ஓடுது!"

"ஈரமே இல்லையே அண்ணன்" என்றார் ஸியாம்.

ஆனால் நிலையப் பொறுப்பாளர் தக்ஷாயினி மிஸ் கந்தோருக்குள்ளிருந்து ஓடி வந்தாள். எட்டு மாதமாகத் தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போகிறது. வந்து பார்த்த மூன்று பேரும் ஒழுக்கே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். "உடைங்க பாஸ்! மற்றத நான் பாத்துக்கொள்றன்" என்றாள்.

அழகரத்தினத்துக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டு டைல்ஸை எடுத்து, முழங்கால் ஆழம் தோண்டினார். சேற்றுக்குள், இரண்டு பைப்பை இணைக்கும் ஒரு சொக்கற்று கசிந்துகொண்டு கிடந்தது. சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் மனுசனுக்கு வாய் நிற்கவில்லை.

"பாருங்க சேர்! ரெண்டு பைப்பையும் ஒட்டுற கம் வெக்காம சும்மா செருகிட்டுப் போயிருக்கான்! ஆர்ரா இதப் போட்ட மடையன்? இவனெல்லாம் பைப்பில கை வெக்கலாமா? மாடு மேய்க்க அனுப்பியிருக்கணும் இவன!"

கூட்டம் கை தட்டியது. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் அவர் பெருவிரலால் சொக்கற்றின் சேற்றைத் துடைத்தார்.

மூன்று கோடு.

திருநீறு பூசியதுபோல, ஆணியால் கீறிய மூன்று கோடு. அது அவருடைய கைவேலை. பைப்புகளை முதலில் கம் இல்லாமல் செருகி, நேர் பார்த்து, மூன்று கோடு கீறி, பிறகு கழற்றிக் கம் வைத்துப் பூட்டுவது அவர் வழக்கம். உலகத்தில் வேறு எவனுக்கும் அந்தக் கிறுக்கு இல்லை.

அப்போதுதான் எல்லாம் நினைவு வந்தது. ஆறு வருடத்துக்கு முன், பைப் போட அவரை லொறியில் ஏற்றி வந்து இரண்டு நாள் இந்தக் குழிக்குள் விட்டார்கள். அன்றைக்கு இங்கே சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வெறும் மண்ணும் கம்பியும். பைப் போடுகிறவன் எந்தக் கட்டடத்தைத்தான் கட்டடமாகக் கண்டான்? கோடு கீறி முடித்த நேரம் மேலேயிருந்து எவனோ "பாஸ், புரியாணி வந்திட்டு!" என்று கூப்பிட்டான். போனார். சாப்பிட்டார். திரும்பி வந்து அடுத்த சொக்கற்றைப் பிடித்தார். கம் இல்லாத செருகல் ஐந்து வருடம் இறுக்கத்திலேயே நின்று, இப்போதுதான் விட்டிருக்கிறது.

அழகரத்தினம் பெருவிரலைக் கோட்டின் மேலேயே வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். சேற்றை மறுபடி அப்பிவிட்டால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. ஒழுக்கைக் கண்டுபிடித்த கெட்டிக்காரன் என்று இந்தச் சேர் எப்படியாவது கையெழுத்து வைத்தாலும் வைப்பார். நாற்பது குளியலறை! ஆனால் மடையன் என்று பேசின வாய் அவருக்கே கசந்தது. எட்டு மாதம் பில் கட்டிய மனுசி வேறு எதிரே நிற்கிறாள்.

"மிஸ்," என்றார். "அந்த மடையன் நான்தான்."

ஸியாம் சேர் பெருமூச்சு விட்டார்.

"அண்ணன், கோவிக்காதீங்க. அத்தாட்சி வேணும் எண்டதுக்காகக் கண்ட வேலையெல்லாம் எண்ட வேல எண்டு சொல்ல ஏலாது."

அழகரத்தினத்துக்குத் தலை சுற்றியது. நல்ல வேலை செய்தேன் என்றபோதும் நம்பவில்லை. கெட்ட வேலை செய்தேன் என்றாலும் நம்ப மாட்டார்களா! "சத்தியமா நான்தான் சேர்! இந்தக் கோட்டப் பாருங்க! காலையில பூட்டின பேசினுக்குக் கீழ குனிஞ்சு பாருங்க, அதிலயும் கிடக்கும்! அடுத்த சொக்கற்று இஞ்சயிருந்து எட்டடி. அதுக்குக் கம் வெச்சனான். உடைச்சுப் பாருங்க, ஒழுகினா என்னை இந்தக் குழிக்குள்ளயே மூடுங்க!"

ஸியாம் போய் பேசினுக்குக் கீழே குனிந்தார். மூன்று கோடு. எட்டடி அளந்து இன்னொரு டைல்ஸை எடுத்தார்கள். மூன்று கோடு, கம் இறுகி, காய்ந்த எலும்புபோலக் கிடந்தது.

"யா அல்லாஹ்," என்றார் ஸியாம். "மண்ணுக்குள்ள கிடக்கிறத அடிக்கணக்கோட சொல்றீங்க. எனக்கு இதவிட வேற என்ன அத்தாட்சி வேணும்?" போனை எடுத்தார். "ரெண்டு குழிக்கும் நடுவுல நில்லுங்க. முகமும் விழணும்."

இருபத்தாறு வருடத்தில் அழகரத்தினத்தையும் அவர் வேலையையும் சேர்த்து எடுத்த முதல் படம் அது. வெட்கத்திலும் சந்தோஷத்திலும் மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸியாம் படிவத்தைத் தொடையில் வைத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

போன் அடித்தது. வசந்தாதேவி.

"இஞ்சாருங்க, கிடைச்சிச்சா?"

"கிடைச்சிட்டு."

"எண்ட சாமியே! எந்த வேலையக் காட்டினீங்க?"

அழகரத்தினம் குழியைப் பார்த்தார். அதன் கரையில் தக்ஷாயினி மிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வந்து சொல்றன். ஒள்ளுப்பம் பிந்தும்" என்றார். "இஞ்ச ஒரு சொக்கற்றுக்குக் கம் வெக்கக் கிடக்கு."