இறக்கை முளைக்காத அந்துப்பூச்சி

பூங்காவில் செடிவேலி வெட்டுகிறவளுக்கு அங்கே கத்தரிக்காரி என்று பெயர். பத்து வருஷத்தில் எந்தச் செடிக்காகவும் அவள் கண் கலங்கியதில்லை. நடைபாதை போடவேண்டும் என்று அதிகாரி சொன்னார். ஓரத்து வேலியை வேரோடு சாய்த்தாள். எல்லாவற்றையும் அரைவை எந்திரத்தில் தள்ளிய பிறகுதான் கையுறையில் ஒட்டியிருந்த கம்பளிப்புழுவைப் பார்த்தாள். முதுகில் பல் துலக்கும் பிரஷ் மாதிரி நான்கு மஞ்சள் முடிக்கற்றைகள். இலைக்கு இலை இதுகள் இருந்திருக்குமே, அத்தனையையும் அரைத்துவிட்டேனே என்று எந்திரத்தை அணைத்தாள். இந்த ஒன்றாவது பிழைக்கட்டும் என்று சாப்பாட்டு டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீடு எட்டாவது மாடியில். கீரை போட்டாள், முட்டைக்கோஸ் போட்டாள், மகாராணி தொடவில்லை. கடைசியில் பால்கனியில் நாத்தனார் வளர்த்த ரோஜாவில் ஓர் இலையைக் கிள்ளிப் போட்டாள். அடேயப்பா, என்ன தீனி! இரண்டே வாரத்தில் தொட்டியில் குச்சிதான் மிச்சம். நாத்தனார் இவளோடு பேச்சை நிறுத்தினாள். புழு தன் முடியையே சேர்த்துக் கூடு கட்டிக்கொண்டது.

பதினோராம் நாள் கூட்டைவிட்டு வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு குண்டு மூட்டை. இறக்கையே இல்லை.

"என் ரோஜாவ மொத்தமா முழுங்கிட்டு, ஒரு றெக்கை வளக்கத் தெரியலையா இதுக்கு?" என்று பேச்சை நிறுத்தியிருந்த நாத்தனாரே வாயைத் திறந்தாள்.

"நாந்தான் கண்ட இலையக் குடுத்து ஊனமாக்கிட்டேன்" என்று கத்தரிக்காரி அழுதேவிட்டாள். வெளியையாவது பார்க்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து, கூட்டோடு விளிம்பில் வைத்தாள்.

மத்தியானம் நாத்தனார் கத்தினாள். "அண்ணி, ஓடி வாங்க!"

சின்னதாக ஒரு பழுப்பு அந்துப்பூச்சி, நல்ல இறக்கையோடு, கூட்டைச் சுற்றிப் பறந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு மூன்று, ஐந்து, பதினேழு. எந்தத் தெரு, எந்த வேலி, யார் சொன்னது இவற்றுக்கு? மூட்டை இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. அது ஊனமே இல்லை. அந்த இனத்துப் பெண்ணின் பிறவியே அப்படி. உட்கார்ந்த இடத்திலிருந்து வாசத்தாலேயே ஊரிலுள்ள ஆண்பூச்சிகளைக் கூப்பிட்டிருக்கிறது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன்னு நெனச்சேனே" என்றாள் கத்தரிக்காரி.

மறுநாள் கூட்டின்மேல் வரிசை வரிசையாக முட்டைகள். நாத்தனார் குனிந்து எண்ணினாள். இருநூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு வெறும் குச்சிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, ஒரு தொட்டி பத்தாது" என்றாள்.