நாக்கில் தொடங்கும் முகம்

நாக்கு, சிவப்பு நாக்கு, தாடையைத் தாண்டித் தொங்குகிற நாக்கு, அதில்தான் நான் தொடங்குவேன், திருஷ்டி பொம்மை எழுதும் மற்றவர்கள் முதலில் முகத்துக்குக் கோடு போட்டுக்கொள்வார்கள், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, பலகையை மடியில் சாய்த்ததும் தூரிகை தானாகச் சிவப்பில் இறங்கிவிடும், பிறகு கோரைப்பல், உருட்டு விழி, மூக்கோரம் ஒரு மரு, கடைசியில் இடப்புருவம், நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிரிந்த புருவம், அதை எழுதி முடிக்கும்போது எனக்கு எட்டு வயதாகிவிடும், மூன்றாம் வகுப்புச் சுவர் முன்னால் நிற்பேன், புதுச் சுண்ணாம்பு விரலில் ஒட்டுகிறது, சத்துணவு அடுப்பில் பொறுக்கிய கரி கையில் இருக்கிறது, எங்கள் வகுப்புச் சார் சங்கரலிங்கத்தை அப்படியே எழுதியிருக்கிறேன், மரு, வெட்டுப்புருவம், எல்லாம், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், அப்படியொரு கைதட்டல் எனக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை, அதற்குள் பின்னால் அவர் குரல், யாரு எழுதுனது, நீயாட்டி, நல்லாத்தான் இருக்கு, கையால அழிக்கக் கூடாது, துணியால அழிக்கக் கூடாது, நாக்கால அழி.

அழித்தேன், கைதட்டிய அதே பிள்ளைகள் சிரித்தார்கள், சுண்ணாம்பு நாக்கை வேகவைத்தது, நெற்றி தொடங்கித் தாடைவரை அவர் முகம் முழுவதும் என் வயிற்றுக்குள் போனது, வாய் ஏன்ட்டி வெந்திருக்கு என்று அம்மா கேட்டாள், வெத்தலைச் சுண்ணாம்ப தின்னுட்டேன் என்றேன், அதற்கு அவளும் முதுகில் ஒன்று வைத்தாள், இன்றைக்கும் குழம்பில் காரம் கூடினால் எனக்குக் கரிதான் ருசிக்கிறது, வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க விடமாட்டேன், என் மகள் விளையாட்டுக்கு நாக்கை நீட்டினாலும் கை ஓங்கிவிடுகிறது, பிறகு உட்கார்ந்து அழுகிறேன்.

விழுங்கியதைத்தான் இருபத்திரண்டு வருஷமாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறேன், கோவில்பட்டியில் புதுவீடு கட்டுகிறவர்கள் பாதிப்பேர் என்னிடம்தான் பொம்மை வாங்குகிறார்கள், சாரத்திலும் மொட்டைமாடிக் கம்பியிலும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெயிலில் அவர் நிற்கிறார், காக்கா எச்சம் போடுகிறது, பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போவேன், நல்லா நில்லும் சார், இன்னும் நில்லும் என்பேன், மனசு குளிரும்.

இன்றைக்குக் காலையில் அவரே வந்தார், வெட்டுப்புருவம் நரைத்திருந்தது, பைபாஸ் பக்கம் வீடு கட்டுதேம்மா, ஒரு பொம்மை வேணும் என்றார், சுவரில் வரிசையாக மாட்டியிருந்த தன் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், இந்த நிமிஷத்துக்காகத்தானே காத்திருந்தேன், கூசட்டும், குறுகட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் சிரித்தார், ரொம்ப நாளா கவனிச்சிட்டுத்தான் வாரேன், எம் மூஞ்சிதான இது, ஊர்ல அம்புட்டு வீட்டுக்கும் நான்தான் காவல்னு மருமவகிட்ட பெருமையாச் சொல்லுவேன், எங்கிட்டப் படிச்ச பிள்ளையா நீ, எந்த வருசம், ஞாபகம் இல்லியே.

ஞாபகம் இல்லையாம், என் நாக்கு வெந்தது அவருக்கு ஏதோ ஒரு மத்தியானம், இருபத்திரண்டு வருஷமாக ஊர் முழுக்க அவருக்கு நானே சிலை வைத்திருக்கிறேன், உட்காருங்க சார், உங்களுக்குன்னு தனியா எழுதித் தாரேன் என்றேன்.

புதுப் பலகைக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தேன், தூரிகை சிவப்பில் இறங்கவில்லை, அடுப்பங்கரையிலிருந்து கரி எடுத்து வந்தேன், ரெட்டைச் சடை, எட்டு வயசுக் கண், அழாத கண், கன்னமெல்லாம் கரி, முகம் சுவரைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கிறது, கோரைப்பல் ஒன்றுகூட இல்லை, என்னம்மா இது, சின்னப்பிள்ள மூஞ்சியால்ல இருக்கு, இதப் பாத்து எவனுக்குப் பயம் வரும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசியாக நாக்கை எழுதினேன், வெந்து வெளுத்த நாக்கு, நுனியில் மட்டும் கரி, அவர் வெட்டுப்புருவம் மேலே ஏறி அங்கேயே நின்றது, என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், வாசலுக்கு உள்பக்கமா மாட்டுங்க சார், வீட்டுல இருக்கும்போதெல்லாம் கண்ணுல படணும் என்றேன், ஏதோ சொல்ல வாய் திறந்தார், உள்ளே அவர் நாக்கு தெரிந்தது, நான் இத்தனை வருஷம் எழுதியதைவிட ரொம்பச் சின்ன நாக்கு.