செவ்வாய் என்றுதான் இருந்தது

இணையப் பக்கம் திருத்தும் என் பழைய புரோகிராம் ஒரு புதன்கிழமை செத்துப்போனது. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் என் மேஜைக்கு அடியிலிருந்த பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுப் பெட்டியை வைத்தார். புதுப் பெட்டியில் அது ஏற மாட்டேன் என்றது.

"இதைச் செஞ்ச கம்பெனியே கைகழுவிட்டாங்க மேடம். அப்டேட் நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. இவ்வளவு நாள் ஓடினதே பெரிசு."

"ஓடிக்கிட்டிருந்ததை நிறுத்தினது நீங்கதானே?" என்றேன். சிரித்து மழுப்பினார்.

சிறுநீரக மருத்துவமனை ஒன்றின் இணையப் பக்கத்தைப் பத்தொன்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர்கள் படமும் தொலைபேசி எண்ணும் யாருக்கு வேண்டும்? அந்தப் பக்கத்தின் உயிர் ஒரே ஒரு அட்டவணையில் இருக்கிறது. எந்த நோயாளிக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த மெஷினில் டயாலிசிஸ் என்பது அதில்தான் இருக்கும். பெயர் போடுவதில்லை, எண் மட்டும்தான். பழைய புரோகிராமில் அதைத் திருத்தி, சேமி என்று இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். சேமித்த கையோடு அதுவே சர்வருக்கும் அனுப்பிவிடும். அப்படி அமைத்துவைத்ததும் நான்தான்.

அதில் பதினேழாம் எண் என் தம்பி.

நான்கு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. என் கிட்னியைத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். "உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, உன் உடம்பை அறுத்து நான் வாழணுமா?" என்று கேட்டான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "அப்போ செத்துப் போ" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதே வாயால்தான் சொன்னேன்.

அவனும் இதே கட்டடத்துக்கு வாரம் மூன்று நாள் வருகிறான். அவன் கீழ்த்தளம், நான் மூன்றாம் மாடி. இந்தக் கட்டடத்து லிஃப்ட்டை ஒரு காலத்தில் பழுது பார்த்தவனே அவன்தான். இப்போது அதில் ஏறி என்னிடம் வருவதில்லை, நானும் இறங்கிப் போவதில்லை. அட்டவணையில் மட்டும் அவனுக்கு ஜன்னலோர நாலாம் மெஷினையே போட்டுக்கொண்டிருந்தேன். அடியில், எல்லோருக்கும் எழுதுவதுபோல, "ஏசி குளிர் அதிகம், போர்வை கொண்டு வரவும்" என்று ஒரு வரி சேர்ப்பேன். அவனுக்குக் குளிர் ஆகாது.

பழையது போனதும் அதற்கு மாற்றாக வேறு இரண்டை நானே போட்டுப் பார்த்தேன். ஒன்றில் எல்லாமே பெட்டிகள். இழுத்துக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும், போனில் திறந்தால் அட்டவணை கோணல்மாணலாக நிற்கும். இன்னொன்றில் வெறும் கம்ப்யூட்டர் குறியீடு மட்டும்தான் தெரியும். எண்ணூறு வரிக்குள் பதினேழாம் எண்ணைத் தேடிக் கண் பூத்துவிட்டது. கடைசியில் நிர்வாகம் சொன்ன மூன்றாவதற்கே வந்தேன். பிரவுசரிலேயே வேலை செய்யும் ரகம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு மணி நேரம் உக்காந்தா முழுசா காட்டிடறேன்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"பத்தொன்பது வருஷமா இதே வேலை. எனக்கேவா சொல்லித் தரீங்க? போங்க, நான் பாத்துக்கறேன்."

போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம், தண்ணீர் சுத்திகரிக்கும் யூனிட் பழுது, செவ்வாயும் புதனும் டயாலிசிஸ் கிடையாது என்று தகவல் வந்தது. செவ்வாய்க்காரர்கள் திங்களே வர வேண்டும். சாயங்கால ஷிஃப்ட்காரர்களிடம் நேரில் சொல்லிவிட்டார்கள்; காலை ஷிஃப்ட்காரர்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள், என் தம்பி உட்பட. நான் புதுப் புரோகிராமில் செவ்வாயை அழித்துத் திங்கள் என்று போட்டு, இரண்டு விரலால் தட்டினேன். "சேமிக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்தது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திங்கள் காலை பெரிய சிஸ்டர் மாடியேறி வந்தார். "செவ்வாய்க்காரங்க ஆறு பேர் வரல. போன் போட்டா பக்கத்துல செவ்வாய்னுதான் இருக்குங்கறாங்க."

என் திரையைத் திருப்பிக் காட்டினேன். கொட்டை எழுத்தில் திங்கள் என்று இருந்தது. "பழசையே பாத்துட்டு இருப்பாங்க. ரிஃப்ரெஷ் பண்ணச் சொல்லுங்க சிஸ்டர்."

"அஞ்சு பேர் கிளம்பிட்டாங்க. பதினேழுக்கு மட்டும் போன் போகல. உங்க தம்பிதானே? வேற நம்பர் இருக்கா?"

என்னிடமும் அதே பழைய எண்தான் இருந்தது. அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். அவன் வீடு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான். "நான் தெளிவாப் போட்டிருக்கேன், பாத்திருப்பான். வேணும்னேதான் வரல. அவன் திமிர் எனக்குத் தெரியாதா?" என்றேன். சிஸ்டர் இறங்கிப் போனார்.

புதன் காலை அவனைப் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கீழே ஓடினேன்; செவ்வாய் காலை ஆறுக்கே வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டான் என்றார். சனிக்கிழமைக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த நீரெல்லாம் நெஞ்சில் ஏறியிருந்தது. மூச்சுக்குத் தவித்தான். உதடு நீலம். எமர்ஜென்சி கதவை என் முகத்துக்கு நேராகச் சாத்தி, அவனை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொன்னார்கள்.

அந்தக் கதவுக்கு வெளியே நின்றுதான் என் போனில், நோயாளிகள் திறப்பதைப் போலவே, பக்கத்தைத் திறந்தேன். பதினேழு. செவ்வாய். காலை ஆறு. நாலாம் மெஷின்.

மாடிக்கு ஓடினேன். என் திரையில் திங்கள் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "மேடம், சேவ் பண்ணினா உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மேல இருக்கு பாருங்க, பப்ளிஷ். அதை அழுத்தினாதான் வெளியில போகும்." மூலையில் நீலமாக, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பொத்தான் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே குருடியாக இருந்திருக்கிறேன். "முதல் நாளே காட்டறேன்னு சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மூன்றாம் நாள்தான் அவனைப் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். நான்கு வருடத்தில் பாதியாக இளைத்திருந்தான்.

"தப்பு என்னோடதுடா. அழுத்த வேண்டியதை அழுத்தல. நான் திங்கள்னு மாத்தினது யாருக்கும் போகல."

மூக்குக் குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை மருந்துக் கடையில சாயங்கால ஷிஃப்ட்காரர் ஒருத்தர் சொன்னாரு, திங்கக்கிழமைக்கு மாத்திட்டாங்கன்னு. நான்தான் நம்பல. மாத்தியிருந்தா எங்க அக்கா போட்டிருப்பாளேன்னு சொன்னேன்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள். வெளியே போகுமுன் அவன் புது நம்பரைக் கேட்டேன். சொன்னான்.

அவன் வீடு திரும்பிய வாரம், அடுத்த வாரத்து அட்டவணையை வெள்ளிக்கிழமை போட்டேன். சேமித்தேன், நீலப் பொத்தானை அழுத்தினேன், என் போனில் திறந்து பார்த்தேன், சிஸ்டர் போனிலும் பார்த்தேன். பிறகு நோயாளிகள் முப்பத்தொரு பேரின் போன் நம்பரையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் பதினேழுக்கு அடித்தேன். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"பாத்துட்டேன்க்கா, பக்கத்துல இருக்கு."

"இருக்கட்டும். நான் சொல்றேன், கேளு. செவ்வாய். காலை ஆறு மணி. நாலாம் மெஷின்."

"சரி" என்றான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"போர்வை எடுத்துட்டு வரணுமாக்கா?"

"வேண்டாம். நான் கீழ கொண்டு வரேன்" என்றேன்.