முதலில் மேய்ந்த ஏழு

மழைக்குப் பிறகு குதிரைமசால் தீவனம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அந்தப் பச்சையைப் பார்த்தால் மாட்டுக்காரனுக்கு வாயெல்லாம் பல்லாகும், கூடவே பயமும் வரும். பனி ஈரத்தோடு இருக்கிற இளந்தழையைப் பசித்த மாடு மேய்ந்தால் வயிறு உப்பி, மூச்சு முட்டிச் செத்துப்போகும். பம்பாஸ் சமவெளியில் இது தெரியாத ஆள் கிடையாது. பண்ணை மேஸ்திரி லெதெஸ்மாவுக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் மேய்ப்பன் ஒலெகாரியோவின் கிடேரிகளை முதலில் உள்ளே விடச் சொன்னான்.

"நாளைக்குக் காலையில முதலாளியோட கிடேரிகளை எடை போடறோம், அதுக்காக அதுங்க ராத்திரி பட்டினி. உன்னோட ஏழு கிடேரியையும் அதே மாதிரி பட்டினி போட்டுப் பட்டியில அடை. நாங்க எடை போடற நேரத்துல உன்னோடது மேயட்டும். ஒண்ணும் ஆகலேன்னா முதலாளியோடத விடலாம்."

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா உனக்குக் கறி விருந்து. என்னையும் கூப்பிடு, மறந்துடாத."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மாத்தே தேநீர்க் குடுவை கை மாறியது. ஒலெகாரியோ தன் முறை வந்ததும் வாங்கி உறிஞ்சினான். நாக்கு வெந்ததுகூடத் தெரியவில்லை.

இந்தப் பண்ணையில் முதலாளி ஆரெச்செயா தன் புல்லில் சொந்த மாடு மேய்த்துக்கொள்ள ஒரே ஒருத்தனுக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தார். அது மேஸ்திரிக்கு இல்லை, மேய்ப்பன் ஒலெகாரியோவுக்கு. லெதெஸ்மாவின் வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இலையுதிர் காலம் முழுக்க அவன் அந்த ஏழையும் உப்புப் பூத்த பள்ளத்தில் மேய விட்டான். அப்படியும் அவை தேறிவிட்டன. இந்த வசந்தத்தில் காளைக்குச் சேர்ந்தால் அடுத்த வருடம் ஏழும் கன்று போடும். மச்சான் ஊரில் குத்தகைக்கு நிலம் பார்த்தாயிற்று. அப்புறம் லெதெஸ்மாவின் மூஞ்சியில் விழிக்கவே வேண்டாம். ஒலெகாரியோவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே வழி அந்த ஏழு கிடேரிகள்தான்.

ஆகவே கிழக்கு வெளுக்கும் முன்பே எழுந்து, காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டாகப் பட்டிக்குள் போட்டான். வயிறு நிறையத் தின்றதும் ஒவ்வொன்றின் தலையையும் இடுப்போடு அணைத்துப் பிடித்து, பாட்டிலால் எண்ணெய் புகட்டினான். வயிறு நிறைந்த மாடு தழைமேல் விழுந்து மேயாது. எண்ணெய் இறங்கிய வயிற்றில் நுரை கட்டாது. அதன் பிறகு தரையைக் கூட்டி, ஒரு துரும்பு இல்லாமல் அள்ளினான்.

வெயில் ஏறுவதற்குள் மின்வேலிக் கம்பியைத் தாழ்த்தி ஏழையும் உள்ளே விட்டார்கள். அவை அங்கொரு வாய் இங்கொரு வாய் கடித்துக்கொண்டு நின்றன. முதலாளியின் கிடேரிகளில் பாதியை எடை போட்டு முடித்தபோதும் ஏழும் வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தன. லெதெஸ்மாவின் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"சரி, இது சாதுவான தழைதான். முதலாளியோடத விடுங்கடா."

"பனி காயட்டும் மேஸ்திரி," என்றான் ஒருத்தன். "கொஞ்சம் காஞ்ச புல்லாவது போட்டுட்டு விடலாமே."

"காஞ்ச புல்லைத் தின்னா எடை ஏறுமா? காளைக்குச் சேர்க்கற எடை வராததெல்லாம் கசாப்புக்குப் போகும்னு முதலாளி சொல்லியிருக்காரு. அவருக்கு நீ பதில் சொல்லுவியா? இவனோடது செத்துதா? என்ன ஒலெகாரியோ, சொல்லேன்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். முதலாளியின் கிடேரிகளையும் பால் மறந்த நாளிலிருந்து வளர்த்தவன் அவன்தான். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தவை, கம்பியை முட்டிக்கொண்டு நின்றன. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் ஏழையும் மறுபடி வெறும் வயிற்றோடு விட வேண்டும். தவிர, லெதெஸ்மா முதலாளி முன்னால் கைகட்டி நிற்கப்போகிற காட்சி மனதுக்குள் வந்தது. அது இனித்தது, பாவி மனுஷனுக்கு.

"என்னோடது நல்லாத்தான் இருக்கு," என்றான்.

கம்பி தாழ்ந்தது. கிடேரிகள் தலை நிமிராமல் மேய்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று மேய்வதை நிறுத்திக் காலால் தன் வயிற்றையே உதைத்தது. இடது விலாவுக்குப் பின்னால் பறை மாதிரி உப்பியிருந்தது. அப்புறம் ஒன்று, அப்புறம் நாலைந்து. நாக்கை நீட்டிக்கொண்டு அங்கங்கே சாய்ந்தன. ஆட்கள் கத்தியோடு ஓடி, உப்பலை இறக்க விலாவில் குத்தினார்கள். காற்று வரவில்லை, பச்சை நுரைதான் பொங்கியது. சப்பைமூக்கி என்று ஒலெகாரியோ பேர் வைத்திருந்த கிடேரி, தினமும் அவன் உள்ளங்கையில் உப்பு நக்குகிற கிடேரி, தள்ளாடிக்கொண்டு அவனிடமே வந்து நின்றது. அவன்தான் குத்தினான். கத்தியை உருவுவதற்குள் அவன் காலடியில் விழுந்து செத்தது.

முதலாளி வண்டியில் வந்து சேர்ந்தபோது நாற்பதுக்கு மேல் கால் விறைத்துக் கிடந்தன. நடுவில் ஏழு மட்டும் அசை போட்டுக்கொண்டு நின்றன.

"முதல்ல இவனோடதை விட்டுப் பார்த்துட்டுத்தான் விட்டோம் முதலாளி," என்றான் லெதெஸ்மா. குரல் நடுங்கவேயில்லை. வாயில் ஒரு காய்ந்த புல் துரும்பு. அதை அவன் மென்றுகொண்டிருந்தான். ஏழில் ஒன்றின் தாடையில் ஒட்டியிருந்ததை அவன் எடுத்தபோதே ஒலெகாரியோ பார்த்திருந்தான்.

ஆரெச்செயா நல்ல மனிதர், அதட்டத் தெரியாதவர். "ஒலெகாரியோ, உன்னோடதும் பட்டினியாத்தானே போச்சு? நிஜத்தைச் சொல்லுப்பா."

இல்லை என்றால் நாற்பதையும் கொன்றவன் அவன். இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும், ஏழும் நஷ்டத்துக்கு ஈடாகப் போய்விடும்.

"பட்டினியாத்தான் போச்சு முதலாளி."

லெதெஸ்மா துரும்பை மெதுவாகத் துப்பினான். அவனும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவனுடைய சோதனையே பொய் என்றாகும், ஈரத் தழையில் விட்டது அவன் குற்றமாகும். அதைவிட நல்ல யோசனை அவனிடம் இருந்தது.

"அப்போ தழைமேல குத்தமில்ல போலிருக்கு. இன்னும் பாதிக் கிடேரி பட்டியில நிக்குது. இந்தத் தழை இல்லேன்னா எடைக்கு வராது. நாளைக்கு விடியக்காலையில இவனோடதையே இன்னொரு தடவை விட்டுப் பார்ப்போம் முதலாளி. அவனுக்கும் ஆட்சேபனை இருக்காது. இன்னிக்கு ஒண்ணும் ஆகலியே."

முதலாளி களைத்துப்போய்த் தலையாட்டினார். ஒலெகாரியோவும் தலையாட்டினான். வேறு என்ன செய்வான்.

அன்று ராத்திரி லெதெஸ்மா தன் சேணத்தையும் ஆட்டுத்தோலையும் கொண்டுவந்து பட்டி வாசலிலேயே விரித்துப் படுத்தான். அவனைத் தாண்டி ஒரு கட்டுப் புல்கூட உள்ளே போக வழியில்லை. விடிந்தபோது பனி கொட்டியிருந்தது, தழை நுனியெல்லாம் சொட்டியது. அவனே போய்க் கம்பியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டான்.

"நீயே கூப்பிடு ஒலெகாரியோ. உன் குரலுக்குத்தான் ஓடி வரும்."

வண்டிக்குப் பக்கத்தில் முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒலெகாரியோ உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு சீழ்க்கையடித்தான். ராத்திரியெல்லாம் பட்டினி கிடந்த ஏழும் அவனை நம்பி ஓடி வந்தன.