அரசிக்காக அழுத எடிட்டர்

ஒரே காட்சியை இரண்டு படங்களில் பார்த்துவிட்டு எது மேல் என்று சொல்வது ஒரு எடிட்டருக்குப் பெரிய வேலையா என்ன? தம்பியும் அப்படித்தான் நினைத்தான், மடையன்.

கேட்டது அவனுடைய அக்கா. பழைய சோக நாடகம் ஒன்று. அரசி கொல்லச் சொன்ன கைதி அவளுடைய மகனேதான் என்று அவளுக்குத் தெரியவரும் காட்சி. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு பெரிய நடிகை அதைப் படத்தில் செய்து பேர் வாங்கினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அக்கா செய்தாள். படம் மூன்றே நாளில் சுருண்டது. அக்காவும் நடிப்புக்கு முழுக்குப் போட்டாள். இப்போது ஒரு நாடகக் குழு அதே அரசி வேடத்துக்கு அவளைக் கூப்பிடுகிறது. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுடா. எனக்கு நடிப்பு வருதா, வரலையா? பூசி மெழுகாத."

இரண்டு படங்களிலும் வசனம் நாடகத்தில் உள்ளபடியே இருந்தது. எடிட்டிங் அறையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் திரையில் சேர்த்து ஓடவிட்டு, அக்காவின் படத்தில் மட்டும் சத்தத்தை அடைக்க ஒரு பொத்தானைத் தட்டினான். பழைய படத்தில் அரசிக்கு முகத்திரை. கண் மட்டும்தான் தெரியும். கரகரத்த ஒரு குரல் மகனே என்று கூப்பிட வந்து பாதியில் நின்றது. தம்பிக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அக்காவின் திரைப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

'வேண்டாம் அக்கா. அவங்க கிட்டகூட நெருங்க முடியாது' என்று செய்தி அனுப்பினான். அக்கா உடனே படித்துவிட்டாள்.

ஒரு நியாயத்துக்காவது அவளையும் கேட்போமே என்று சத்தத்தைத் திறக்கப் போனான். அது திறந்தே கிடந்தது. அடைத்திருந்தது பழைய படத்தை.

பதறிப்போய் மாற்றிப் போட்டான். பெரிய நடிகை போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. அவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. அக்காவின் குரலை அவள் முகத்தோடே சேர்த்துப் பார்த்தான். நன்றாக இருந்தது போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. மூன்று தடவை பார்த்துத் தலை சுற்றியதுதான் மிச்சம். போனை எடுத்தான்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். பழைய படத்தப் பாத்து அழுதேன். ஆனா அதுல கேட்டது உன் குரல்."

"என்னடா உளர்ற?"

"முகம் அவங்க, குரல் நீ. நான் எதுக்கு அழுதேன்னு எனக்கே புரியல."



"இரு. என் குரல்னு உனக்குத் தெரியலையா? கூடப் பொறந்தவன்டா நீ."

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சத்தியமாத் தெரியல அக்கா. யாரோ ஒரு அம்மா, புள்ளையப் பறிகொடுத்துட்டு நிக்கறாங்கன்னுதான்..."

"போதும், போனை வை." என்றாள் அக்கா. "நாடகக் குழுகிட்ட நடிக்க வர்றேன்னு சொல்லணும்."